சர்க்கரை சேராத விலா எலும்பு

ஆகாசவாணி தருமபுரி நேயர்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

காவேரிப்பட்டணத்தில் நாங்கள் வழக்கமாகக் கறி வாங்கும் கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். "பாய், ஒரு கிலோ விலா எலும்பு வேணும். நறுக்காதீங்க, பட்டையா அப்படியே கொடுங்க" என்றேன். ஓங்கிய கத்தியை நிறுத்திவிட்டு, "நறுக்காம எப்படிங்க டீச்சரம்மா குழம்பு வைப்பீங்க?" என்று கேட்டார். குழம்புக்கு இல்லை பாய், மெதுவாக வேகவைத்துச் சுட்டு, சர்க்கரை சேராத பார்பெக்யூ செய்யப்போகிறேன் என்றேன். அன்றைக்கு அவரிடம் இரண்டு வரியில் சொன்னதைத்தான் இன்று உங்களிடம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

பார்பெக்யூ என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வேரூன்றிய சமையல். அங்கே பெரும்பாலும் பன்றியின் விலா எலும்பை எடுத்து, விறகுப் புகையில், சுமார் 110 டிகிரி வெப்பத்தில், பல மணி நேரம் வாட்டுவார்கள். கடைசியில் மேலே ஒரு கெட்டிச் சாறு பூசுவார்கள். தக்காளி, வினிகர், பழுப்புச் சர்க்கரை, கரும்புப் பாகு எல்லாம் சேர்ந்த சாறு அது. பாட்டிலில் விற்கிற பார்பெக்யூ சாஸ் பலவற்றில் 100 கிராமுக்கு 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஒரு பட்டை எலும்புக்கு ஒரு டம்ளர் சாஸ் தாராளமாகச் செலவாகும். கணக்கு உங்களுக்கே புரியும்.

ஓசூரில் இருக்கிற என் மகன் வீட்டில் பேரப்பிள்ளைகளுக்காக இதை ஒருமுறை செய்தார்கள். எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் வந்து 14 வருடம் ஆகிறது. வீடு முழுக்க அந்த வாசனை. பிள்ளைகள் விரலைச் சப்பிச் சாப்பிடுகிறார்கள். இவர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து இரண்டு சப்பாத்தியும் கோஸ் பொரியலும் சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய பெரிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று அது சொல்கிறது. அப்படியென்றால் எத்தனை வீட்டில் எத்தனை தட்டு இப்படித் தனியாக வைக்கப்படுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, நாமே செய்து கொடுப்போம் என்று இறங்கினேன். முதல் தடவை ஒரு கடையில் "சர்க்கரை சேர்க்காதது" என்று எழுதியிருந்த சாஸை நம்பி வாங்கினேன். போதாததற்கு என் பங்குக்கு இரண்டு கரண்டி நாட்டுச் சர்க்கரையும் போட்டேன். மறுநாள் காலை வெறும் வயிற்றில் அவருக்குச் சர்க்கரை அளவு பார்த்தால் 240. அதற்குப் பிறகுதான் பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தைப் படித்தேன். வெல்லமும் பேரீச்சம்பழப் பாகும் என்று இருந்தது.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பாலக்கோட்டைச் சுற்றிக் கரும்பு விளைகிற ஊர் நம்முடையது. வெல்லம் நல்லது, கருப்பட்டி நல்லது, தேன் மருந்து என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதும் அதேதான். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. வெல்லத்தில் இரும்புச்சத்து கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். இரத்தத்தில் ஏறுகிறபோது அது வெல்லமா சீனியா என்று உடம்பு பிரித்துப் பார்க்காது. கிருஷ்ணகிரியில் எனக்கு இன்னொரு யோசனையும் சொன்னார்கள்: "மாங்கூழ் ஊத்துங்க டீச்சர், நம்ம ஊர் பெங்களூரா மாம்பழம்தானே!" வாசனை அருமையாகத்தான் இருக்கும். ஆனால் பழுத்த மாம்பழத்தின் சர்க்கரை அதில் அப்படியே இருக்கிறது. டப்பாவில் வருகிற கூழில் மேற்கொண்டு சர்க்கரை சேர்ப்பதும் உண்டு. மாங்காய்ப் பருவத்தில் புளிக்குப் பதிலாகப் பச்சை மாங்காய் போடுங்கள், அது சரி.

பிறகு மனையியல் பாடம் நடத்திய புத்தியை வைத்து யோசித்தேன். அந்தச் சாறில் சர்க்கரை என்ன வேலை செய்கிறது? இனிப்பு ஒன்று. அதைவிடப் பெரிய வேலை பளபளப்பும் பிசுபிசுப்பும். கறிமேல் மினுமினுவென்று படிந்து விரலில் ஒட்டுகிறதே, அதுதான் பார்பெக்யூவின் உயிர். அந்த ஒட்டுதலைச் சர்க்கரை இல்லாமல் எங்கிருந்து கொண்டுவருவது?

எலும்பிலிருந்தே வருகிறது. விலா எலும்பைச் சுற்றி ஜவ்வும் நாரும் நிறைய உண்டு. அதில் இருப்பது கொலாஜன் என்ற புரதம். கறி 70 டிகிரியைத் தாண்டிச் சூட்டில் பல மணி நேரம் நின்றால் அது கரைந்து ஜெலட்டின் ஆகிறது. ஆட்டுக்கால் சூப் குடித்துவிட்டு உதட்டைச் சேர்த்தால் ஒட்டுமே, அதே பசைதான். அந்தப் பசையைக் கறி வெந்த தண்ணீரிலிருந்து சுண்டவைத்து எடுத்து, திரும்ப எலும்புமேலேயே பூசிவிட்டால் சர்க்கரைக்கு வேலையே இல்லை. இதற்குத்தான் ஸ்லோ குக்கர்.

ஸ்லோ குக்கர் என்பது உள்ளே பீங்கான் பாத்திரமும் வெளியே மின்சாரச் சூடும் உள்ள அடுப்பு. கொதிநிலைக்குச் சற்றுக் கீழே நிறுத்தி மணிக்கணக்கில் வேகவைக்கும். இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் ஐர்விங் நாக்சன், 1940-ல். அவர் அம்மாவின் குடும்பம் லித்துவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் முந்தின மாலையே பயறும் கறியும் போட்ட பானையை ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்களாம். அணைந்த அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே இரவு முழுக்க வேகும். அம்மா சொன்ன அந்தக் கதைதான் அவருக்கு வழி காட்டியது. கேட்டபோது எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தது. வறட்டித் தணலில் காலையில் பால் சட்டியை ஏற்றினால் மதியத்துக்குள் செக்கச்செவேல் என்று ஆடை படியும். பொங்காது, தீயாது. அந்தச் சூடுதான் இது.

இனி செய்முறைக்கு வருகிறேன். ஒரு கிலோ விலா எலும்பு, ஆறேழு எலும்பு சேர்ந்த பட்டைகளாக இருக்கட்டும். வெள்ளாட்டு எலும்பில் கொழுப்பு குறைவு, அது நல்லதுதான். பட்டையைத் திருப்பிப் போட்டால் உள்பக்கம் மெல்லிய காகிதம்போல ஒரு தோல் ஒட்டியிருக்கும். அதை எடுக்காவிட்டால் மசாலா உள்ளே இறங்காது, கடிக்கும்போது ரப்பர்போல இழுக்கும். ஓரத்து எலும்பின்மேல் ஸ்பூன் காம்பை நுழைத்து லேசாக நெம்புங்கள். தோல் கூடாரம்போல எழும்பும். ஈரக்கையில் வழுக்கும், அதனால் ஒரு காய்ந்த துணியால் அந்த நுனியைப் பிடித்து மெதுவாக இழுங்கள். சரக்கென்று ஒரே வீச்சில் முழுவதும் உரிந்து வரும். முதல் தடவை எனக்கு நாலு துண்டாகத்தான் வந்தது. கை பழகிவிடும்.

பிறகு உப்பு, மிளகாய்த்தூள், மிளகுத்தூள், மஞ்சள், கொஞ்சம் சீரகத்தூள் தடவி இரவே பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் தோசைக்கல்லைக் காயவைத்து இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு நிமிடம் சிவக்க வாட்டுங்கள். குக்கரில் படுக்கப் போடாமல், பாத்திரத்தின் உள்சுவரை ஒட்டி வட்டமாக நிற்கவையுங்கள், சதைப்பக்கம் சுவரைப் பார்த்து. நடுவில் கால் டம்ளர் தண்ணீர் போதும். இதில் ஆவி அதிகம் வெளியே போகாது. கறியே தண்ணீர் விடும். குறைந்த சூட்டில் 7 முதல் 8 மணி நேரம். அவசரம் என்றால் கூடுதல் சூட்டில் 4 மணி நேரம். நடுவில் மூடியைத் திறக்காதீர்கள், ஒருமுறை திறந்தால் இழந்த சூடு திரும்ப 20 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

பிரஷர் குக்கரில் ஆறு விசில் விட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். வேகும். ஆனால் உள்ளே 120 டிகிரி வரை போவதால் கறி எலும்பை விட்டுக் கழன்று குலைந்துவிடும், எடுத்துச் சுட முடியாது. ஸ்லோ குக்கர் இல்லாதவர்கள் அடிகனமான பாத்திரத்தில், இறுக்கமான மூடி போட்டு, மிகச் சிறிய தீயில் இரண்டரை, மூன்று மணி நேரம் வைக்கலாம். பக்கத்திலேயே இருந்து தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மின்சாரச் செலவை நினைத்துப் பயப்படாதீர்கள். 200 வாட் குக்கர் 8 மணி நேரம் ஓடினாலும் 1.6 யூனிட்தான். பயப்பட வேண்டியது மின்வெட்டுக்கு. வேகாத கறி இரண்டு மணி நேரத்துக்குமேல் வெதுவெதுப்பில் கிடந்தால் கிருமி பெருகும். நீங்கள் வெளியே போயிருந்த நேரத்தில் அப்படி ஆகியிருந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டிவிடுங்கள்.

கறி வேகிற நேரத்தில் சாறு. இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயில் கால் கிலோ சின்ன வெங்காயத்தையும் பத்துப் பல் பூண்டையும் சிறு தீயில் 25 நிமிடம் வதக்குங்கள். வெங்காயம் தேன் நிறத்துக்கு வரும்வரை வதக்குவதை நிறுத்தக் கூடாது. எங்கள் சாறின் இனிப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது. அரைக்கிலோ நாட்டுத் தக்காளி, ராயக்கோட்டைச் சந்தையிலிருந்து வருகிற நன்கு பழுத்ததாகப் பார்த்துப் போடுங்கள். ஊறவைத்த எட்டு வரமிளகாய், எலுமிச்சை அளவுக்குக் கொஞ்சம் குறைவாகப் புளி, ஒரு ஸ்பூன் கடுகுப்பொடி, மிளகு, உப்பு. குழைய வேகவைத்து, அரைத்து, வடிகட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். தக்காளியிலும் வெங்காயத்திலும் இயல்பாகச் சர்க்கரை கொஞ்சம் உண்டு. புளியில் நிறையவே உண்டு, 100 கிராம் புளியில் 50 கிராமுக்கு மேல். டார்டாரிக் அமிலத்தின் புளிப்பு அதை நாக்குக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. நாம் போடுவது ஒரு கிலோ கறிக்கு 20 கிராம் புளி. ஐந்து பேர் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டு கிராம் சர்க்கரை. அதனால்தான் சர்க்கரை இல்லாதது என்று சொல்லாமல் சர்க்கரை சேராதது என்று சொல்கிறேன்.

கறி வெந்ததா என்று பார்க்க, எலும்பு நுனி கால் அங்குலம் வெளியே தெரிகிறதா பாருங்கள். இடுக்கியில் தூக்கினால் பட்டை வளைய வேண்டும், உடையக் கூடாது. பக்குவமாக எடுத்துத் தட்டில் வையுங்கள். குக்கரில் நிற்கிற தண்ணீரை வடித்து, மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்துவிட்டு, வாணலியில் ஊற்றிச் சுண்டவிடுங்கள். ஒரு டம்ளர் கால் டம்ளராகும்போது குமிழி பெரிதாகி, மெதுவாக உடையும். அப்போது அரைத்த சாறைக் கலந்து இன்னும் பத்து நிமிடம் கிளறுங்கள். கரண்டியின் முதுகில் எடுத்து விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். வெளிச்சத்தில் காட்டுங்கள், அரக்குபோல மின்னும்.

இதைப் பட்டைமேல் பூசி, கொட்டாங்குச்சிக் கரித் தணலில் கம்பி வலைமேல் இரண்டு நிமிடம், திருப்பி மறுபடி பூசி இரண்டு நிமிடம். ஸ்லோ குக்கர் கொடுக்காத புகை இங்கேதான் ஏறுகிறது. மாடி வீட்டில் தணல் முடியாது என்றால் காய்ந்த இரும்புக்கல் போதும். சர்க்கரை சேர்த்த சாறு இந்தச் சூட்டில் சட்டென்று கருகிக் கசந்துவிடும். நம்முடையது நிதானமாகத் தாங்கும்.

சர்க்கரை நோயோடு சிறுநீரகக் கோளாறும் இருக்கிறவர்கள் கறி எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இது மாதம் ஒருமுறைதான். கூடவே ஒரு சின்ன உருண்டை கேழ்வரகுக் களி, நிறைய வெள்ளரிக்காய். களியும் மாவுச்சத்துதான், அதனால் உருண்டையின் அளவை நான்தான் பிடிப்பேன்.

முதல் முறை இப்படிச் செய்த அன்று எல்லோருக்கும் ஒரே தட்டில் வைத்தேன். அவர் ஒரு எலும்பை எடுத்தார், பேசாமல் சாப்பிட்டார், அடுத்ததை எடுத்தார். பெரிய பேத்தி, "தாத்தா, உங்க மீசையில ஒட்டியிருக்கு" என்றாள். துடைக்காமலே மூன்றாவது எலும்புக்குக் கையை நீட்டினார்.

மறுநாள் காலை பிரிட்ஜைத் திறந்தால், மிஞ்சிய சாறு கிண்ணத்தில் இளநீர் வழுக்கைபோல உறைந்து ஆடிக்கொண்டிருந்தது. சூடுபண்ணி, அவருடைய ஒரே ஒரு கேழ்வரகு தோசைமேல் ஊற்றிக் கொடுத்தேன்.

வணக்கம்.