தரங்கம்பாடிச் சுவரில் ஒரு 'ம'

தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, தன் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிற தலைமையாசிரியர் அம்மா அவர்களே, மைக் கட்டி, நாற்காலி போட்டு, எனக்கு இஞ்சி டீயும் வாங்கித் தந்த தம்பிகளே, யாராவது விட்டுப்போயிருந்தால் டீ குடித்த அவசரத்தில் மறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாரம்பரிய வாரம் என்பதால் தரங்கம்பாடிக் கோட்டையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன்: கோட்டை, அச்சுக்கூடம், கடல்.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை இது. அவர் பொன் ஏட்டில் எழுதிக் கொடுத்த கடிதம் இன்றும் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. கோட்டையில் கீழே கிடங்கும் சிறையும், மேலே ஆளுநர் இருப்பிடம். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஏட்டை அவர்கள் காப்பாற்றிவிட்டார்கள், நம்மிடம் இருப்பது சுவர். சுவர் இருந்தால்தான் சித்திரம்!

போன வருஷம் குடும்பத்தோடு போனோம். மாடியில் கடல்காற்று வாங்கிக்கொண்டு நின்றபோது என் மச்சான் வண்டிச் சாவியை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சுவரில் 'ம' என்று கீறி, பக்கத்தில் ஒரு இதயமும் போட்டான். பின்னால் வந்து நின்ற அவன் மனைவி கேட்டாள், "ம-ன்னா யாருங்க?" அவள் பெயர் 'க'வில் தொடங்கும். அவன் "மச்சான்னு எழுத வந்தேன்" என்றான், அப்புறம் "எங்கம்மா பேரு" என்றான், அவன் அம்மா பெயரும் 'ம' இல்லை. மயிலாடுதுறை வரைக்கும் வேனில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, பாட்டுப் போட்ட டிரைவரும் நிறுத்திவிட்டார்.

சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் சுண்ணாம்புக் காரையில் ஒரு கீறல் விழுந்தால் அது வழியாக உப்புக் காற்று உள்ளே போகும், காரை உரியும், அப்புறம் உள்ளிருக்கும் செங்கல் பொடியும். 2004 சுனாமி வந்த கரையில் நிற்கிற சுவரை நாம் வண்டிச் சாவியால் கீறுகிறோம். சுவர் இருந்தால்தானே ஐயா சித்திரம்?

அதனால் கேட்கிறேன், கோட்டை வாசலில் பெரிய கரும்பலகை ஒன்று வைக்கட்டும், சாக்பீஸும் வைக்கட்டும். எழுதியே தீரவேண்டியவர்கள் அதில் எழுதிவிட்டு உள்ளே போகட்டும்.

அச்சுக்கூடமா? அதை இங்கே அமைத்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் வந்தார், மிச்சத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கரும்பலகை கேட்கும் மனு மேசையில் இருக்கிறது, போகும்போது கையெழுத்துப் போடுங்கள். முழுப் பெயராகப் போடுங்கள், வெறும் 'ம' வேண்டாம்.