ஒரு வண்டிக்கு இடம் காலி

நேயர்களுக்கு வணக்கம். பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், பேச வேண்டியது தெருவோரம் வண்டி நிறுத்துவதைப் பற்றி. இதில் பத்து நிமிடம் பேச என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு பனகல் பூங்காப் பக்கம் போய்விட்டு வாருங்கள், அப்புறம் என் பேச்சே உங்களுக்குத் தேவைப்படாது.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. அக்கா மகளுக்குக் கல்யாணம், முகூர்த்தப் புடவை எடுக்க தி. நகர் போனோம். மாமாதான் ஓட்டினார். "நீங்க இறங்கி உள்ளே போங்க, நான் வண்டியை விட்டுட்டு வந்துடறேன்" என்று கடை வாசலில் இறக்கிவிட்டார். முதல் பத்துப் புடவையை விரித்துப் போட்டபோது போன் செய்தோம், வெங்கட்நாராயணா சாலையில் இருந்தார். அரக்கா, மாம்பழ மஞ்சளா என்று அம்மாவும் மகளும் முறைத்துக்கொண்டிருந்தபோது உஸ்மான் சாலை. ஒருவழியாக முடிவு செய்து பில் போடப் போனால், பணம் கட்ட வேண்டிய கார்டு மாமாவின் சட்டைப் பையில்! அப்போது அவர் ஜி.என். செட்டி சாலையில். கடைசியில் கல்யாணப் பெண்ணே ஓடிப்போய், சிக்னலில் நின்ற காரின் கண்ணாடி வழியாகக் கார்டை வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தப் புடவையை மாமா முதன்முதலில் பார்த்தது மணவறையில்தான். இன்றைக்கும் "என்னை யாரு கேட்டா" என்பார்.

சிரிக்க வைக்க மட்டும் இதைச் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் போன காரும் பின்னால் வந்த காரும் பலது அதே வேலையாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தன. நாம் நெரிசல் நெரிசல் என்கிறோமே, அதில் ஒரு பங்கு எங்கேயும் போய்க்கொண்டிருக்கும் வண்டிகள் இல்லை. வர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டவர்கள், இறங்க முடியாமல் சுற்றுகிறார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸில் டொனால்ட் ஷூப் என்று ஒரு பேராசிரியர் இருந்தார், 2025இல் காலமானார். வாழ்நாள் முழுக்க பார்க்கிங்கையே ஆராய்ந்தவர். 1980களில் தன் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கடைவீதியில் ஆட்களை சைக்கிளில் ஓடவிட்டு, ஓர் இடம் கிடைக்க எவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது என்று அளந்தார். சராசரியாக 3.3 நிமிடம், அரை மைல். ப்பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். அங்கே இருந்தவை காசு போடும் பார்க்கிங் மீட்டர் வைத்த 470 இடங்கள். ஒவ்வொன்றிலும் நாளெல்லாம் வண்டிகள் வந்து வந்து போகின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் வருடத்துக்கு 9,50,000 மைல். நிலா வரைக்கும் நான்கு தடவை போகிற தூரம், வெறும் பதினைந்து தெருத்துண்டுகளை, அதாவது ஒரு முக்கிலிருந்து அடுத்த முக்கு வரையுள்ள துண்டுகளை, சுற்றியே!

சரி, வழி? ஏழெட்டுக் கார் நிற்கிற தெருத்துண்டில் எந்நேரமும் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று. வருகிறவர் நிறுத்துவார், அதற்குள் இன்னொருவர் தன் வண்டியை எடுத்துவிடுவார். அந்த ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்கும் பார்க்கிங் கட்டணம் எதுவோ அதுதான் சரியான விலை. கூட்டம் உள்ள நேரத்தில் ஏறட்டும், ஈயாடும் நேரத்தில் இறங்கட்டும். முகூர்த்த நாளில் மல்லிகை என்ன விலை விற்கிறது, சாதாரண நாளில் என்ன விலை? பூக்காரம்மாவிடம் அதற்காக நாம் சண்டைக்குப் போவதில்லை.

உடனே உங்களில் பாதிப் பேருக்கு ஆம்னி பஸ் ஞாபகம் வந்திருக்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போகிற டிக்கெட். எனக்குத் தெரியும், இதைப் பேசுகிற இடத்திலெல்லாம் யாராவது எழுந்து இதையே கேட்பார்கள். அதனால் சான் பிரான்சிஸ்கோவில் என்ன செய்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். 2011இல் மீட்டர் வைத்த சுமார் 7,000 இடங்களில் ஆரம்பித்தார்கள். வண்டி நிற்கிறதா என்று பார்க்கத் தரையில் சென்சார் பதித்தார்கள் (பேட்டரி தீர்ந்து போக, 2013 கடைசியில் அவற்றை நிறுத்திவிட்டு, மீட்டரில் விழும் காசை வைத்தே கணக்குப் போடப் பழகிக்கொண்டார்கள், அது தனிக்கதை). தெருத்துண்டு 80 சதவீதத்துக்கு மேல் நிறைந்தால் மணிக்கு 25 செண்ட் ஏற்று. 60க்குக் கீழே போனால் 25 செண்ட் இறக்கு, 30க்கும் கீழே என்றால் 50 செண்ட் இறக்கு. இடையில் இருந்தால் கை வைக்காதே. காலைக்கு ஒரு விலை, மதியத்துக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று. எவ்வளவு போனாலும் மணிக்கு 6 டாலருக்கு மேல் போகக் கூடாது என்பது அப்போதைய வரம்பு. எண்களை மனதில் வைக்க வேண்டாம், ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இறக்கவும் விதி இருந்தது, அதுவும் ஏற்றுவதைவிட வேகமாக. ஆம்னி பஸ்ஸில் அப்படி ஒரு விதியைப் பார்த்திருக்கிறீர்களா?

இரண்டு வருடத்தில் சராசரிக் கட்டணம் 2.69 டாலரிலிருந்து 2.58க்கு இறங்கியது. ஆமாம், இறங்கியது. நெரிசலான சில தெருக்களில் ஏறியது, இரண்டு தெரு தள்ளி இறங்கியது. கொஞ்சம் நடக்கத் தயாராக இருந்தவர்கள் அங்கே போனார்கள், அவசரக்காரர்களுக்கு இங்கே இடம் கிடைத்தது. இடம் தேடும் நேரம் 43 சதவீதம் குறைந்தது. பழைய முறையே இருந்த பகுதிகளில் 13 சதவீதம்தான் குறைந்தது. 2018இல் ஊர் முழுக்க இதையே கொண்டுவந்துவிட்டார்கள்.

இப்போது என் பாத்திரக்கடைக்காரருக்கு வருகிறேன். அவரைப் பற்றிப் பேசாமல் என்னால் எழுந்து போக முடியாது. பாண்டி பஜாருக்குப் பக்கத்துத் தெருவில் கடை, பெயர் வேண்டாம். கட்டணம் என்றாலே கொதிப்பார். "கஸ்டமர் வர மாட்டான் சார், வயித்துல அடிக்காதீங்க." ஒரு சனிக்கிழமை காலை கடை திறக்குமுன்பே எதிர் டீக்கடையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். கடை வாசலையொட்டி நான்கு கார் நிற்கலாம். முதலில் வந்தது அவர் கார். பின்னாலேயே பெரிய பையனின் கார், அதன் கண்ணாடியில் மாலை போட்ட பிள்ளையார். மூன்றாவது பக்கத்து நகைக்கடை மேனேஜருடையது. இந்த மூன்றும் ராத்திரி ஷட்டர் இறங்கும் வரை நகரவில்லை. மிச்சம் இருந்த ஒன்றுக்காகத்தான் நாள் முழுக்க அத்தனை ஹார்ன். வாடிக்கையாளரின் இடத்தில் கடைக்காரரே நிற்கிறார், வாடிக்கையாளர் வரவில்லையே என்றும் கவலைப்படுகிறார்!

இது தி. நகரின் தனி வியாதி இல்லை. உலகின் முதல் பார்க்கிங் மீட்டரை 1935இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் நட்டார்கள், மணிக்கு 5 செண்ட். ஏன் நட்டார்கள்? கடைவீதியில் வேலை பார்க்கிறவர்களே காலையில் வந்து நாள் பூராவும் நிறுத்திவிடுகிறார்கள், சாமான் வாங்க வருகிறவருக்கு இடமில்லை என்றுதான். தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய பாத்திரக்கடைக்காரர்கள். அதனால்தான் எந்நேரமும் ஒரே சில்லறைக் கட்டணம் என்பது எனக்குப் பிடிக்காது. அது நாளெல்லாம் நிறுத்துகிறவருக்குத்தான் கொண்டாட்டம், அரை மணி நேரம் குக்கர் வாங்க வந்தவருக்கு இல்லை.

காசுள்ளவனுக்குத்தானே சௌகரியம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் 12பி பஸ்ஸில் வருகிறவரை நினைத்துப் பாருங்கள். இடம் தேடும் கார்கள் மறித்து நிற்பது அவருடைய பஸ்ஸைத்தான், அவருக்கு எந்தத் தெருவிலும் இலவச இடம் தேவையில்லை. இன்னொன்று, கோடு போட்ட இடத்துக்குக் காசு வாங்கிவிட்டு, பக்கத்தில் நோ பார்க்கிங் போர்டுக்குக் கீழேயே சும்மா நிற்கவிட்டால் எந்த விலையும் செல்லாது. இதை விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள்.

வேகமாக ஒன்று மட்டும். வசூலாகும் பணம் எங்கே போகும்? கலிபோர்னியாவில் பாசடீனா என்ற ஊரின் பழைய கடைவீதியில் 1993இல் மீட்டர் வைத்தபோது அங்கேயும் கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். வசூல் இதே தெருவுக்குத்தான் என்றதும் ஒப்புக்கொண்டார்கள். நடைபாதை, விளக்கு, மரம், பின்சந்துகளைச் சுத்தம் செய்வது எல்லாம் அதில் நடந்தது. இதை நம் பாத்திரக்கடைக்காரரிடம் சொன்னேன். தராசைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அந்தக் காசுல நம்ம கடை முன்னாடி சாக்கடைக்கு மூடி போடுவாங்களா?" என்றார். போட வேண்டும் என்றேன். "எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

வணக்கம்.