வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய்: கேக் ஏன் அமுங்கியது?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "கேக்கில் 200 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 200 கிராம் எண்ணெய் ஊற்றினேன். அளவு மாறவில்லையே, பிறகு ஏன் நடுவில் அமுங்கி, அடியில் எண்ணெய் கசிந்தது?" இந்தக் கேள்வி என்னை இரண்டு நாட்களாக விடவில்லை.

அளவு மாறியிருக்கிறது அம்மா. வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெயோ முழுக்கக் கொழுப்பு. 160 கிராம் எண்ணெயும் இரண்டு மேசைக்கரண்டிப் பாலும் போதும். உருக்கிய நெய்க்கும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

கணக்கு அத்தோடு முடிந்தது. ஆனால் அமுங்கியதற்கு அது மட்டும் காரணமில்லை. வழக்கமாகப் பார்ப்பவர்கள் சிரிப்பீர்கள், மறுபடியும் காற்றுக்கே வருகிறேன். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரைப் பரல்கள் வெண்ணெயைக் கீறிக் கீறிக் காற்றை உள்ளே இழுக்கின்றன. மஞ்சள் வெளுத்துக்கொண்டே வருவதைப் பார்த்திருப்பீர்கள், அது காற்று. பேக்கிங் பவுடர் புதுக் குமிழி எதையும் உண்டாக்காது, இருக்கும் குமிழியைத்தான் ஊதிப் பெரிதாக்கும். எண்ணெயில் எதைக் கீறுவது? அதனால் முட்டையையும் சர்க்கரையையும் நாடாவாக விழும்வரை அடித்துவிட்டு, எண்ணெயை நூல்போல ஊற்றுங்கள். காற்று முட்டையில் நிற்கும்.

நானும் பட்டிருக்கிறேன். விருந்தினர் வரும் அவசரத்தில், கல்லாக இருந்த வெண்ணெயை அடுப்பில் உருக்கி பிஸ்கட் போட்டேன். பன்னிரண்டு உருண்டைகள் உள்ளே போயின; தட்டை அடைத்துக்கொண்டு ஒரே பிஸ்கட் வெளியே வந்தது. உடைத்துப் பரிமாறினேன். அதில் ஒருவர் செய்முறை கேட்டார், அது வேறு கதை! கொழுப்பு அதேதான், அளவும் அதேதான். பதம்தான் வேறு.

அதனால், எதற்குப் பதில் எது என்று கேட்பதைவிட, வெண்ணெய் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று யாராவது கேட்க மாட்டார்களா என்றிருக்கிறது எனக்கு. யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 18 முதல் 20 டிகிரி. வெப்பமானி வேண்டாம், விரலால் அழுத்துங்கள். பள்ளம் விழ வேண்டும், விரல் பளபளக்கக் கூடாது. பளபளத்தால் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வைக்கும்போதே முட்டைகளை வெளியே எடுத்துவிடுங்கள். சில்லென்ற முட்டையை ஊற்றினால், அடித்த வெண்ணெய் திரிந்துபோகும்.