அண்ணாச்சி கண்ணில் படாமல்

நேயர்களுக்கு வணக்கம். பெரிய தள்ளுபடிக் கடைகளுக்கு நீங்கள் போவது ஏன், போகாமல் இருப்பது ஏன், சொந்த அனுபவத்திலிருந்து பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். பாளையங்கோட்டையில் 31 ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். விலைப்பட்டியலோடு வருவேன் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் நான் கடை மாறியதற்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை.

எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடையில் எதையும் வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். முன்னால் எப்போதும் நான்கு ஆண்கள் நிற்பார்கள், பேப்பர் படித்துக்கொண்டோ வெற்றிலை போட்டுக்கொண்டோ. என் மகள் பெரியவளான பிறகு, நாப்கின் வாங்கக் கூட்டம் கலையும்வரை நான் ஓரமாக நிற்பேன். அண்ணாச்சி அதைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, திருட்டுச் சாமானைப் போலத் தலையைத் திருப்பிக்கொண்டு நீட்டுவார். பாவம், அவருக்கும் கூச்சம். வண்ணார்பேட்டையில் பெரிய கடை வந்ததும், என் மகள் அலமாரியிலிருந்து தானே எடுத்துக் கூடையில் போட்டாள், சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில். அன்றிலிருந்து நான் அந்தக் கடைக்குப் போகிறேன்.

என் அம்மாவுக்கு இது வாய்க்கவில்லை. அவள் காலத்தில் எல்லாம் பற்று நோட்டுதான். பாக்கி நிற்கிற மாதத்தில் நெய் கேட்க அவளுக்கு நாக்கு எழாது. கடைக்காரர் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லிவிடுவாரோ என்றே அவள் கடலை எண்ணெயோடு திரும்பிவிடுவாள். பெரிய கடையில் நாம் யாரென்று யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமை எனக்குப் பிடித்திருக்கிறது.

விலையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்கு டீச்சர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. லாரிக் கணக்கில் வாங்குகிறவருக்குக் கம்பெனி விலையைக் குறைத்துக் கொடுக்கும். விநியோகஸ்தரிடம் இரண்டு பெட்டி எடுக்கும் அண்ணாச்சிக்கு அது கிடைக்காது. ஆகவே சோப்பு, பற்பசை, எண்ணெய் எல்லாம் அங்கே மலிவுதான். ஆனால் ரசீதின் அடியில் ‘நீங்கள் மிச்சப்படுத்தியது 186 ரூபாய்’ என்று அச்சடித்துத் தருகிறார்களே, அதை நம்பாதீர்கள். உறையில் போட்டிருப்பது உச்ச விலை. அதற்கு மேல் விற்கக் கூடாது, குறைத்து விற்க யாருக்கும் தடையில்லை. தெருக்கடையிலும் ஒன்றிரண்டு ரூபாய் குறைப்பார்கள். ஆட்டோ கூலியை அந்த ரசீது கழிப்பதில்லை. உளுந்து வாங்கப் போனவள் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்த கதையும் அதில் ஏறாது.

உளுந்து என்றதும் நினைவு வருகிறது. நம் பக்கத்து உளுந்தஞ்சோற்றுக்குத் தொலி உளுந்துதான் வேண்டும். அண்ணாச்சி சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, ஊதிப் பார்ப்பார். பிறகு, “டீச்சர், இது பழைய சரக்கு, வேகாது. வெள்ளிக்கிழமை புதிது வரும், அப்போது வாங்கிக்கொள்ளுங்கள்” என்பார். பெரிய கடையில் ‘இதை வாங்காதே’ என்று சொல்ல ஆள் கிடையாது. சில்லறையாக அளந்து வாங்கினால் வரியும் இல்லை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோவுக்கு மேற்படாமல் உறையிட்டுப் பெயர் ஒட்டிய பருப்புக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. 2020 ஊரடங்கில் பஸ் நின்று, வண்ணார்பேட்டை தூரதேசமாகிவிட்டபோது, போனில் சொன்னதெல்லாம் என் வாசற்படிக்கு வந்தது. பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் அண்ணாச்சி.

போகத் தயங்குவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அந்தக் கடையில் எண்ணெய் அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கும் பெண் என் பழைய மாணவி. காலையிலிருந்து நிற்கிறாள். தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். கேரளத்தில் அதற்கும் முன்பே. “ஸ்டூல் இல்லையா அம்மா?” என்று கேட்டேன். கண்ணால் காட்டினாள். ஸ்டூல் இருந்தது, மேலே மூன்று பிஸ்கட் அட்டைப்பெட்டிகளோடு. அதன்பிறகு இரண்டு மாதம் நான் அங்கே போகவில்லை. மூன்றாம் மாதம் போனேன்.

போனாலும் திரும்பும்போது பின்தெரு வழியாகத்தான் வருவேன். கடைப் பெயர் அச்சிட்ட பை அண்ணாச்சி கண்ணில் பட்டுவிடக் கூடாதே. பல வருடங்களாக இப்படித்தான்.

சென்ற மாதம் முதல் சனிக்கிழமை, சலவைத்தூள் அடுக்கியிருந்த பக்கம் திரும்பினேன். எதிரே டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் அண்ணாச்சி. இருவருக்கும் ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. அவர்தான் முதலில் சமாளித்தார். “விநியோகஸ்தர் விலையைவிட இங்கே குறைவாக இருக்கிறது, டீச்சர். ஆனால் ஒரு பில்லுக்கு நான்கு பாக்கெட்தான் தருகிறார்கள். உங்கள் பில்லில் ஒரு நான்கு போட்டுக்கொள்ள முடியுமா?”

போட்டுக்கொண்டேன். அன்று மாலை அவர் பற்று நோட்டை எடுத்து, என் பக்கத்தைப் புரட்டி, முதல்முறையாக வரவு என்று எழுதினார்.