கேமரா இருந்தது, பதிவு இல்லை

நண்பர்களே,

காவல் நிலையத்தில் கேமரா மாட்டிவிட்டால் அடி நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாத்தான்குளம் காவல் நிலையத்திலும் கேமரா இருந்தது. 2020 ஜூன் 19 இரவு அங்கே ஒரு தந்தையும் மகனும் அடிக்கப்பட்டார்கள். சில நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் கண்டது என்ன? ஹார்டு டிஸ்கில் 1 டெராபைட் இடம் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி செட்டிங்ஸ் வைக்கப்பட்டிருந்தது. பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து சாட்சி சொல்லியிராவிட்டால் அந்த இரவின் உண்மை வெளியே வந்திருக்குமா?

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது: வாசல்கள், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை, கழிப்பறைக்கு வெளியே, நிலையத்தின் பின்புறம் என எங்கும் கேமரா வேண்டும். இருட்டிலும் தெரிய வேண்டும், ஒலியும் பதிய வேண்டும். 18 மாதம் சேமிக்க வேண்டும். எப்படியும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது.

உத்தரவு இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ஆளைக் கொண்டுபோன அன்றே மனு போடுங்கள். "கேமராப் பதிவு வேண்டும்" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் தட்டிக் கழிக்க வசதியாகிவிடும். எந்த நிலையம், எந்த இடத்துக் கேமரா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று குறிப்பிட்டு, "அழிக்காமல் பாதுகாக்க வேண்டும்" என்று எழுதுங்கள். நிலைய அதிகாரி, மாவட்டக் கண்காணிப்பாளர், நடுவர், மாநில மனித உரிமை ஆணையம் என நால்வருக்கும் அனுப்பி, அனுப்பிய நேரத்துக்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது வாசல் கேமரா. காலை 11 மணிக்கு இழுத்து வந்தவரை மாலை 6 மணிக்குக் கைது செய்ததாகக் குறிப்பாணையில் எழுதுவார்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு அங்கேயே ஏமாற்றப்படுகிறது. வாசல் பதிவு அதை உடைத்துவிடும். வெளியே எங்கோ வைத்து அடித்தாலும், எத்தனை மணிக்கு, எந்த நிலையில் உள்ளே கொண்டுவந்தார்கள் என்பது அதில் தெரியும். பதிவுக் கருவியின் கடிகாரம் பிந்தியோ முந்தியோ ஓடக்கூடும். அதனால் நகல் எடுக்கும்போது கருவியின் நேரத்தையும் சரியான நேரத்தையும் அருகருகே குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

திரையைச் செல்போனில் படம் பிடித்துத் தந்தால் ஏற்காதீர்கள். மூலக் கோப்பின் நகலும், அதன் ஹாஷ் எண் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் அடையாள எண்) குறித்த, பாரதிய சாக்ஷிய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படியான சான்றிதழும் வேண்டும்.