சூடு தாங்கும் அடுக்குப் படலங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

என் கையில் இருப்பது, மின்னாற்றலைத் தேக்கி வைத்துச் சட்டென வெளியிடும் ஒரு ஃபிலிம் கெப்பாசிட்டரைப் பிரித்து எடுத்த சுருள். இழுக்க இழுக்க நாடாபோல வந்துகொண்டே இருக்கும். இது பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கின் படலம். தடிமன் சில மைக்ரோமீட்டர்தான். தலைமுடி இதைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடிமன். இதன்மேல் பளபளப்பது சில பத்து நானோமீட்டர் அலுமினியப் பூச்சு. 4 மைக்ரோமீட்டர் படலத்தின் இரு பக்கமும் 800 வோல்ட் கொடுத்தால், ஒவ்வொரு மைக்ரோமீட்டரும் 200 வோல்ட்டைத் தாங்கி நிற்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது வியப்பாகத்தான் இருக்கிறது.

விளக்குக்கு நேராகப் பிடிக்கிறேன். அங்கங்கே ஊசிமுனை அளவுக்குப் பொட்டுகள், அவற்றைச் சுற்றிப் பூச்சே இல்லாத வட்டங்கள் தெரிகின்றன அல்லவா? படலம் பலவீனமாக இருந்த இடத்தில் மின்முறிவு நடந்திருக்கிறது, அதாவது மின்சாரம் படலத்தைத் துளைத்துப் பாய்ந்திருக்கிறது. அப்போது பாய்ந்த மின்னோட்டம் சுற்றியிருந்த உலோகத்தை ஆவியாக்கி, அந்த இடத்தை மட்டும் தனியே பிரித்துவிட்டது. கெப்பாசிட்டர் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொண்ட தழும்பு அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

சேமிக்கும் அளவில் இது பேட்டரிக்குப் பக்கத்தில்கூட வராது. லித்தியம் அயான் பேட்டரி ஒரு கன சென்டிமீட்டரில் ஆயிரம் ஜூலுக்கு மேல் வைத்துக்கொள்ளும். இந்தப் படலம் தன் உச்சத்தில் சுமார் 5 ஜூல். ஆனால் அந்த 5 ஜூலையும் மைக்ரோநொடிகளில் கொட்டிவிடும், மறுபடி நிரப்பிக்கொள்ளும், ஆண்டுக்கணக்கில் சலிக்காமல் அதையே செய்யும். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் மின்வாகன இன்வர்ட்டரிலும் காற்றாலையிலும் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவியிலும் இது இருப்பது அதனால்தான்.

இதன் எதிரி சூடு. 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். 105 டிகிரியோடு கதை முடிந்தது. இன்வர்ட்டரைச் சுற்றியுள்ள வெப்பமோ 140 டிகிரி வரை போகக்கூடும். பக்கத்தில் இருக்கும் சிலிக்கன் கார்பைடு சிப் 175 டிகிரியிலும் வேலை செய்யும். இந்தப் படலம் தாங்காது என்பதற்காகவே குளிர்விக்கும் அமைப்பைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

சூடு தாங்கும் பிளாஸ்டிக்குகள்தான் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. பாலிஈதர்இமைடு 217 டிகிரி வரை இளகாது. பாலிஇமைடு 300 டிகிரியையும் தாண்டி நிற்கும். ஆனால் சூடு தாங்குவது என்றால் உருகாமல் இருப்பது மட்டுமல்ல. ஆய்வகத்தில் ஒரு பாலிஇமைடு படலத்துக்கு மின்புலத்தை, அதாவது ஒவ்வொரு மைக்ரோமீட்டரிலும் விழும் வோல்ட்டை, ஏற்றி இறக்கினால், ஏறிய பாதையும் இறங்கிய பாதையும் சேர்ந்து திரையில் ஒரு கண்ணியாக வரையப்படும். அறை வெப்பத்தில் அது கோடுபோல ஒல்லியாக இருக்கும். 150 டிகிரிக்குக் கொண்டுபோய், மின்புலத்தையும் உயர்த்துங்கள். கண்ணி வயிறு பருக்கும். ஏறிய பாதைக்கும் இறங்கிய பாதைக்கும் நடுவே உள்ள அந்தப் பரப்பு முழுவதும் திரும்பி வராத ஆற்றல். படலத்தின் உருவம் சற்றும் மாறவில்லை. உள்ளே எலக்ட்ரான்கள் கசிந்துகொண்டிருக்கின்றன.

சிக்கலின் வேர் இங்கேதான். பாலிமருக்கு, அதாவது பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலி மூலக்கூறுக்கு, வெப்ப உறுதியைத் தருபவை அதன் முதுகெலும்பில் உள்ள பென்சீன் வளையங்கள். எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் வேலியைத் தாழ்த்துபவையும் அதே வளையங்கள்தான். பாலிப்ரோப்பிலீனில் வளையம் இல்லை, வேலி உயரம். ஆனால் சூட்டில் தளர்ந்துவிடும். ஒன்றைக் கேட்டால் இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கசிவு வெப்பமாகிறது, பாலிமர் வெப்பத்தை எளிதில் கடத்தாது, தேங்கிய வெப்பம் கசிவை இன்னும் கூட்டுகிறது. கடைசியில் படலம் பொத்துக்கொள்கிறது.

அடுக்குகள் இங்கேதான் கைகொடுக்கின்றன. பேரியம் டைட்டனேட் துகள்களைக் கலந்தால் படலத்தின் மின்காப்பு மாறிலி, அதாவது அதே மின்புலத்தில் ஆற்றலைத் தேக்கும் திறன், கூடும். ஆனால் துகளைச் சுற்றி மின்புலம் குவிந்து, முறிவு சீக்கிரம் வந்துவிடும். போரான் நைட்ரைடின் நானோ தாள்களைக் கலந்தால் கசிவு அடைபடும், வெப்பமும் வெளியேறும். ஆனால் மாறிலி அதிகம் கூடாது. இரண்டையும் ஒரே குழம்பில் போட்டால் ஒன்றின் நன்மையை இன்னொன்று கெடுக்கும். 2016-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகக் குழுவினர் இரண்டையும் பிரித்து வைத்தார்கள். நடுவில் பேரியம் டைட்டனேட் அடுக்கு, மேலும் கீழும் போரான் நைட்ரைடு அடுக்கு. அதற்கு முந்தைய ஆண்டே, சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைந்த பாலிமரில் போரான் நைட்ரைடு தாள்களைச் சேர்த்து, 250 டிகிரியிலும் வேலை செய்யும் படலத்தை அதே குழுவினர் காட்டியிருந்தார்கள்.

இதன் அழகு பங்கீட்டில் இருக்கிறது. அடுக்குகள் தொடராக நிற்கும்போது மின்காப்பு மாறிலியும் மின்புலமும் தலைகீழ் விகிதத்தில் பிரியும். நடு அடுக்கின் மாறிலி 10, வெளி அடுக்கினுடையது 4 என்றால், வெளி அடுக்கின் மீது இரண்டரை மடங்கு மின்புலம் விழும். தாங்கக்கூடியவன் தோளில் சுமை ஏறுகிறது, நலிந்தவனுக்குக் குறைகிறது. உலோகத்திலிருந்து உள்ளே குதிக்கப் பார்க்கும் எலக்ட்ரானும் முதலில் அந்த உயர்ந்த வேலியில்தான் முட்டுகிறது. ஆனால் திசை மாறாத மின்னழுத்தம் நெடுநேரம் நின்றால் கணக்கு மாறும்; அப்போது பங்கீட்டைத் தீர்மானிப்பது ஒவ்வொரு அடுக்கின் கடத்துதிறன். பல வடிவமைப்புகள் இதைக் கவனிக்கத் தவறுகின்றன என்பது என் வருத்தம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. உச்ச ஆற்றல் எண்ணைத் தலைப்பில் போட்டுப் பெருமைப்படுகிறோம். 10 ஜூல் ஏற்றி 6 ஜூல் திரும்பினால், மீதி 4 ஜூல் உள்ளேயே சூடாகத் தங்குகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும் சுற்றில் அந்தப் படலம் எத்தனை நேரம் பிழைக்கும்? வேலை செய்யும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் திருப்பித் தரும் ஆற்றல் எவ்வளவோ, அந்த எண்ணைத்தான் நான் ஏற்பேன்.

இப்போது அந்தத் தழும்புக்கு வருகிறேன். பாலிப்ரோப்பிலீனில் ஹைட்ரஜன் அதிகம். முறிவு நடந்த இடத்தில் பிளாஸ்டிக் பெரும்பாலும் வாயுவாகிப் போய்விடும், வட்டம் சுத்தமாக இருக்கும். வளையங்கள் நிறைந்த பாலிமரில் அதே இடத்தில் கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆறவேண்டிய காயம் நிரந்தரக் குறுக்குச்சுற்றாகிவிடும். ஆய்வகத்தில் சிறு துண்டு செய்யும்போது இது தெரிவதில்லை. கிலோமீட்டர் கணக்கில் சுற்றும்போது, எங்காவது ஒரு பலவீனமான புள்ளி இருந்தே தீரும். அதனால் புதிய அடுக்குப் படலத்தோடு என்னிடம் வரும் மாணவர்களிடம், முறிவுக்குப் பின் அந்தப் பொட்டை நுண்ணோக்கியில் எடுத்த படத்தைத்தான் முதலில் கேட்கிறேன்.