அஷ்டமி நவமியில் துடுப்பு பிடிக்கலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஆற்றில் படகு விடுவதைப் பற்றிப் பேசுகிறேனே என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில். ஊருக்குள்ளேயே பிறந்து ஓடும் ஆறு விருஷபாவதி. மைசூர் சாலையில் அதன் பக்கம் வந்தாலே பேருந்தின் சன்னலைச் சாத்திவிடுகிறோம். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு பேருந்தோ ரயிலோ ஏறினால் மறுநாள் காலை உடுப்பியில் இறங்கலாம். அங்கிருந்து குந்தாபுரம் போகும் நெடுஞ்சாலையில் சாலிகிராமம் வருகிறது. அதை அடுத்த பாரம்பள்ளியில் அலையாத்தி மரங்களுக்கு நடுவே கயாக் என்னும் சின்னத் துடுப்புப் படகு ஓட்டலாம். இதுவரை துடுப்பையே தொடாதவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் அதுதான்.

அங்கே ஓடுவது சீதா ஆறு. ஆகும்பே பக்கத்து மலையில், 600 மீட்டருக்கு மேலான உயரத்திலிருந்து தடதடவென்று இறங்கி வருகிறது. ஹெப்ரி, பார்கூர் தாண்டிக் கடலோரத்துக்கு வந்ததும் வேகம் அடங்கிவிடுகிறது. கடைசிப் பகுதியில் ஆற்றுப் படுகைக்குச் சரிவே கிடையாது. கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு மட்டும். அதை ஒட்டியே போய், கோடி பெங்ரே அருகே சுவர்ணா ஆற்றோடு சேர்ந்து அரபிக் கடலில் கலக்கிறது. இந்தக் கடைசிப் பகுதியில், மழைக்காலம் தவிர்த்து, தண்ணீரை முக்கியமாக நகர்த்துவது மலை இல்லை, கடல்தான்.

புதிதாகப் போகிறவர்கள் அநேகமாகக் கேட்காமல் விடுவதும் இதைத்தான். கையில் வலு இருக்குமா, நீச்சல் தெரியாதே, படகு கவிழுமா என்றெல்லாம் கேட்பார்கள். அன்று ஏற்றம் எத்தனை மணிக்கு, வற்றம் எத்தனை மணிக்கு என்று கேட்கிறவர்கள் குறைவு. கடல் நீர் ஆற்றுக்குள் ஏறி வருவது ஏற்றம், திரும்பி வடிவது வற்றம். இந்தக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இரண்டு ஏற்றமும் ஒரே அளவு இருக்காது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஏற்றமும் வற்றமும் வரும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏழு நாளில் ஆறு மணி நேரம் தள்ளிவிடும். போன சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆறு நிறைந்து நின்றது என்று நண்பர் சொன்னதை நம்பி இந்தச் சனிக்கிழமை அதே ஏழு மணிக்குப் போனால், அலையாத்தி வேர்களுக்கு அடியில் சேறுதான் தெரியும்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் திதியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுக்கின்றன. அப்போது ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது, நீரோட்டமும் வேகம். அஷ்டமி வரும்போது இரண்டும் செங்கோணத்தில் நிற்பதால் இழுப்பு குறைகிறது. அந்த நாளும் அதை அடுத்த ஓரிரு நாள்களும் ஓட்டம் தணிந்திருக்கும். அஷ்டமி நவமியில் நல்ல காரியம் எதையும் தொடங்கக்கூடாது என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். துடுப்பு பிடிக்கப் பழக அந்த நாள்கள்தான் தோது. பாட்டியிடம் சொல்லிவிட்டுப் போவதா சொல்லாமல் போவதா என்பது உங்கள் பாடு!

திதி ஓட்டத்தின் வேகத்தைச் சொல்லும். ஏற்றமும் வற்றமும் எத்தனை மணிக்கு என்பதைப் படகு விடுகிறவர்களிடமே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றம் உச்சத்துக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினால், தண்ணீரே உங்களை உள்ளே, மரங்களுக்கு நடுவில் உள்ள ஓடைகளுக்குக் கொண்டுபோகும். உச்சத்தில் கொஞ்ச நேரம் ஆறு அசையாமல் நிற்கும். அப்போது திரும்பினால் வற்றம் உங்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். இதற்கு நேர்மாறாக, வற்றம் வேகமாக இருக்கும்போது முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறங்குவது விஷப் பரீட்சை. கடலை நோக்கி இழுக்கும். திரும்பி வர அதே ஓட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அடுத்தது காற்று. காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும் ஆறு, வெயில் ஏறிக் கரை சூடானதும் மாறிவிடும். கடற்காற்று கிளம்பி மதியத்துக்கு மேல் பலமாகும். கயாக் எடை குறைந்த பிளாஸ்டிக் படகு. காற்று தள்ளினால் மூக்கைத் திருப்பிக்கொள்ளும். ஓட்டமும் காற்றும் எதிரெதிராக வந்தால் சின்னச் சின்ன அலைகளும் எழும். ஆகவே விடிகாலை ஏற்றம் கிடைக்கிற நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அதற்காக ஒரு வாரம் தள்ளிப் போட்டாலும் தப்பில்லை.

சரி, படகுக்கு வருவோம். உள்ளே கால் நுழைத்து உட்காரும் வகை ஒன்று, மேலே உட்காரும் வகை ஒன்று. புதியவர்களுக்கு மேலே உட்காருவதுதான் நல்லது. அதில் ஓட்டைகள் இருக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம், ஏறும் தண்ணீர் வடிவதற்காகவே வைத்தவை. கவிழ்ந்தாலும் உள்ளே மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். கவிழ்ந்தால் படகை விடாதீர்கள். பக்கவாட்டில் பிடித்து, காலை உதைத்து, முதலில் வயிற்றை மேலே போடுங்கள். அப்புறம் புரண்டு உட்காருங்கள், கால் கடைசியில். கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு தடவை இதைச் செய்து பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

உயிர்காப்புச் சட்டை போட்டதும் ஒருவரைத் தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது தளர்வு; வாரை இறுக்க வேண்டும், இல்லையென்றால் வேறு அளவு கேட்க வேண்டும். வெயிலாக இருக்கிறது, படம் எடுக்க வேண்டும் என்று கொக்கியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நீச்சல் தெரிந்தவருக்கும் இது வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும். பின்வார் உள்ள செருப்பு அவசியம். அலையாத்தி வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் காலைக் கிழித்துவிடும்.

அல்சூர் ஏரியில் துடுப்பு போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகும் அந்தப் படகு வேறு. கயாக்கில் போகிற திசையைப் பார்த்துத்தான் உட்காருவோம். துடுப்புக்கு இரண்டு முனையிலும் தட்டையான இலை உண்டு. அதைத் தலைமேல் வைத்து, முழங்கை செங்கோணமாக மடங்கும் இடத்தில் பிடியுங்கள். அதுதான் உங்கள் அளவு. இலையின் குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். பாதத்துக்குப் பக்கத்தில் இலையை நீரில் இறக்கி, இடுப்பைத் திருப்பி இழுத்து, இடுப்புக்கு நேராக வந்ததும் எடுத்துவிடுங்கள். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலப்பக்கம் அகலமாக ஒரு வட்டம் போட்டால் போதும்.

இரட்டைப் படகில் முன்னால் இருப்பவர் தாளம் வைக்கிறார், பின்னால் இருப்பவர் அதைப் பார்த்துப் போடுகிறார், திருப்புவதும் அவர்தான். கணவன் மனைவி ஏறினால் பின்னால் இருப்பவர் கண்ணுக்கு முன்னால் இருப்பவர் செய்வதெல்லாம் தப்பாகவே தெரியும். முதல் நாளே ஆளுக்கொரு படகு எடுத்துக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போகாதீர்கள். ஆகும்பேயில் ஓர் ஆண்டில் 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு இந்த ஆற்றின் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை தோதான காலம். செம்பருந்தும் மீன்கொத்தியும் பார்க்கலாம், ஆற்றில் இடுப்பளவு நின்று சிப்பி அள்ளுகிறவர்களையும் பார்க்கலாம். அவர்கள் வேலை செய்யும் இடத்தை விட்டு விலகியே ஓட்டுங்கள், வலை கட்டிய இடத்தையும் தாண்டாதீர்கள்.

ஞாயிறு இரவு ஊர் திரும்பும்போது உடம்பு வலிக்கும். தோளும் முன்கையும் வலித்தால் கையால் மட்டும் இழுத்திருக்கிறீர்கள் என்று பொருள். விலாப்பக்கம் வலித்தால் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள்.

வணக்கம்.